துணைப் பொது மேலாளரின் எடை

அகில பாரதக் கோணிப்பைக் கழகத்தின் மேற்கு மண்டல ஊழியர்களுடைய தசைகள் சராசரியாக முப்பத்தொரு சதவீதம்தான் விழித்திருக்கின்றன என்று டெல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு திங்கட்கிழமை கடிதம் வந்தது. மீதி அறுபத்தொன்பது சதவீதமும் அலுவலக நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பதைத் தலைமை அலுவலகம் கவலையோடு குறிப்பிட்டிருந்தது.

டெல்லிக்கு இது எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களுக்கும் வந்திருந்த கேள்வித்தாள்களை அலுவலகக் கண்காணிப்பாளர் பானுமதி ஒரே மத்தியானத்தில், காராசேவு சாப்பிட்டபடியே, தானே நிரப்பி அனுப்பியிருந்தார். அவரும் கேட்கவில்லை.

கடிதத்துக்குப் பின்னாலேயே நாற்பது மின்தூண்டல் உடைகள் வந்து இறங்கின. கறுப்பு மேல்சட்டை, கை கால்களில் இறுக்கிக் கட்டும் பட்டைகள், உள்ளே ஈரம் நனைத்துப் போட வேண்டிய பஞ்சுத் திண்டுகள், எல்லாவற்றையும் ஒரு சிறிய பெட்டியோடு இணைக்கும் ஒயர்கள். பெட்டியைத் திருகினால் தோல் வழியாக இலேசான மின்சாரம் போய்த் தசை தானாக நாலு நொடி இறுகும், நாலு நொடி தளரும். விளையாட்டு வீரர்கள் கடுமையாகப் பயிற்சி செய்துவிட்டு, களைப்புத் தீருவதற்காகப் போட்டுக்கொள்வதுண்டு. பயிற்சி என்ற முதல் பாதியைக் கழகம் டெண்டரில் சேர்க்கவில்லை.

மும்பை செம்பூர் அலுவலகத்தின் ஐந்தாவது மாடியில் 'தசை விழிப்பு அறை' திறக்கப்பட்டது. துணைப் பொது மேலாளர் வேங்கடசுப்ரமணியன் ரிப்பன் வெட்டினார். மாட்டுங்காவில் பிறந்து, மாட்டுங்காவில் படித்து, மாட்டுங்காவிலிருந்து முப்பத்திரண்டு வருடமாகச் செம்பூருக்கு அலுவலகக் காரில் வந்து போகிறவர். நல்ல உருண்ட தேகம்.

"முப்பத்திரண்டு வருஷமா இந்தக் கழகத்துல நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தினதில்லைன்னு சில பேர் பேசிக்கறா, எனக்குத் தெரியும்," என்று அவர் மைக்கில் சொன்னார். "வாஸ்தவம். ஆனா அது சோம்பல் இல்லை, கேட்டேளா. என் தசையை யாரும் எழுப்பலை, அவ்வளவுதான். இனிமே நமக்குப் பதிலா மெஷின் உழைக்கும். நாம கூட இருந்து ஒத்தாசை பண்ணினாப் போறும். நாட்டுக்காக நான் எந்தச் சிரமத்தையும் உட்கார்ந்த இடத்துலேயே தாங்கத் தயாரா இருக்கேன்."

பெரிய கைதட்டல். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். அதுவே அன்றைக்கு அவர்கள் செய்த அதிகபட்ச உடற்பயிற்சி.

இந்தக் கூட்டத்தின் கடைசியில், தோளில் இருபது லிட்டர் தண்ணீர் கேனோடு நின்றுகொண்டிருந்தவர் பூலோகம். தாராவியில் இருப்பவர். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். நாற்பத்தாறு வயது. கீழ்த்தளத்தில் இருக்கும் சுத்திகரிப்பு மெஷினில் தண்ணீர் பிடித்து மாடி மாடியாகக் கொண்டுபோய் வைப்பது அவர் வேலை. பதினொரு மாத ஒப்பந்தம். ஒன்பது வருடமாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடியுமா, கேனை எங்கே வைப்பது என்பதைத் தவிர அப்போது அவருக்கு வேறு யோசனை இல்லை.

மறுவாரமே லிஃப்ட் நின்றது.

தூண்டல் பெட்டிகளுக்கு மின்சாரம் அதிகம் வேண்டாம். செல்போனைப் போலச் சார்ஜ் போட்டாலே ஓடும். ஆனால் அறைக்கு நாலு ஏசி வேண்டியிருந்தது. உடைகளைத் துவைக்க ஒரு மெஷின், உலர்த்த ஒரு மெஷின். கட்டடத்துக்கு அனுமதிக்கப்பட்ட மின்சாரம் அதோடு தீர்ந்துபோயிற்று. எதை நிறுத்துவது என்று குழு மூன்று முறை கூடி ஆலோசித்தது. ஊழியர் ஆரோக்கியம் கருதி லிஃப்டை நிறுத்தியது.

தசை விழிப்பு ஆலோசகராக நகுல் என்ற இளைஞன் நியமிக்கப்பட்டிருந்தான். எட்டு நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவன். நல்ல பையன். "ட்வென்டி மினிட்ஸ் இதுல நின்னா த்ரீ அவர்ஸ் ஜிம் போன மாதிரி சார். பக்கா," என்று எல்லாரிடமும் சொன்னான். யாரும் மூன்று மணி நேரம் ஜிம்முக்குப் போனதில்லை என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வழி இல்லை.

அதிகாரிகள் இருபது நிமிடம் நின்றார்கள். மறுநாள் தொடை வலியால் படிகளில் பின்பக்கமாக இறங்கினார்கள். "வலி வந்தா குட் நியூஸ் சார்," என்றான் நகுல். "அதுக்குன்னே ரிகவரி மோடு இருக்கு. மேல வாங்க." ரிகவரிக்காக ஐந்து மாடி ஏறினார்கள். ஏறியதில் வலி கூடியது. கூடிய வலிக்கு மறுநாள் இன்னொரு ரிகவரி. அறை எப்போதும் நிரம்பி இருந்தது. பயன்பாடு நூறு சதவீதம் என்று டெல்லிக்கு அறிக்கை போனது.

பஞ்சுத் திண்டுகளை நனைக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும். அதனால் பன்னிரண்டு கேன்கள் இருபதாயின. பூலோகம் ஒரு தடவைக்கு இரண்டு கேன், தோளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறினார். வழியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் அதிகாரிகளை, "ஜரா சைடு சார்" என்று சொல்லி விலக்கிக்கொண்டு போவார். அவர்கள் இரண்டாம் மாடியைத் தாண்டுவதற்குள் அவர் மேலே போய் இறக்கிவிட்டு அடுத்த நடைக்கு இறங்கிக்கொண்டிருப்பார்.

இந்த நிலையில்தான் ஒப்பந்த ஊழியர்களுக்கும் தசை மதிப்பீடு செய்யச் சொல்லி உத்தரவு வந்தது.

பூலோகத்துக்கு உடையை மாட்டினார்கள். ஈரத் திண்டு முதுகில் பட்டதும் கூசியது. நகுல் பெட்டியைத் திருகினான்.

"எப்படி இருக்குண்ணா?"

"நல்லாருக்கு தம்பி."

பத்துக்கு ஏற்றினான். அதே அளவில்தான் துணைப் பொது மேலாளர் "குருவாயூரப்பா!" என்று அலறியிருந்தார். பூலோகம் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது. முப்பது. நாற்பது.

"இப்போ?"

"எறும்பு ஊருத மாதிரி இருக்கு. வேணும்னா நிப்பாட்டுங்க, கீழ கேன் ரொம்பிக்கிட்டு இருக்கு."

உண்மையில் தொடைத் தசை கல் போல இறுகித்தான் இருந்தது. ஆனால் மதிப்பீட்டுத் தாளில் அதற்கு இடம் இல்லை. 'பயனாளி எழுப்பிய ஒலி' என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தது. அதிகாரிகளுடைய கட்டங்களில் 'ஐயோ', 'அம்மா', 'போதும்பா' என்று நிரப்பி, எதிரே 'தசை விழிப்பு: மிக நன்று' என்று எழுதியிருந்தார்கள். பூலோகத்தின் கட்டத்தில் நகுல் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, 'இல்லை' என்று எழுதினான்.

இரண்டு நாளில் துணைப் பொது மேலாளரின் கையெழுத்தோடு உத்தரவு வந்தது. பானுமதி அதை வாசித்துக் காட்டினார்.

"திரு. பூலோகம் அவர்களின் தசைகள் உறக்க நிலையில் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அவை விழிக்கும் வரை அவர் எந்த எடையையும் தூக்கக் கூடாது. மாத இறுதிக்குள் விழிக்காவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது."

பூலோகம் காதில் விழுந்ததை நம்பாமல் பார்த்தார். "எனக்கா மேடம்? தசை தூங்குதா?"

"தூங்கறதாம்."

"அப்போ இத்தனை நாளா ஏறி இறங்குனது யாரு?"

"அதுக்கு இதுல கட்டம் இல்லை, பூலோகம் அண்ணா," என்றார் பானுமதி. அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது.

வீட்டில் மனைவி விஜயராணி பக்கத்துப் பட்டறையிலிருந்து கொண்டுவந்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன சொல்லுதீய? போன வாரம் பக்கத்து வீட்டு பீரோவ ஒத்தையில மாடிக்கு ஏத்துனது எந்தத் தசை?"

"அது ஆபீஸ் கணக்குல வராதாம்."

"மத்த ஆளுவளுக்கெல்லாம் முழிச்சிருக்காமா?"

"கத்துதாவ. கத்துனா முழிச்சிருக்குன்னு அர்த்தம். நான் கத்தல."

"ஏன், கத்தித் தொலைக்க வேண்டியதுதானே?"

"ஆபீஸுல எப்படி கத்த? மரியாதியா நிக்கணும்லா."

விஜயராணி தலையில் அடித்துக்கொண்டாள். "வேலை போனா மரியாதிய வச்சி என்ன செய்ய? நாளைக்குப் போயி நல்லாக் கத்துங்க. இப்பவே ஒருக்கா கத்திப் பழகுங்க, நான் கேக்கேன்."

பூலோகம் "ஆ" என்றார். டாக்டரிடம் தொண்டையைக் காட்டுவது போல இருந்தது. "உங்க அண்ணன் பிள்ளை எறும்பு கடிச்சாக்கூட இதவிடச் சத்தமா கத்துமே," என்றாள் அவள். அதன் பிறகு மேல்தளத்தில் குடியிருந்தவர்கள் கதவைத் தட்டி என்ன ஆயிற்று என்று கேட்கும் வரை பயிற்சி நடந்தது.

மறுநாள் மறுமதிப்பீடு. உடையை மாட்டிக்கொண்டதும் பூலோகம் கண்ணை இறுக மூடி, "ஐயையோ! அம்மாடி! போதும் தம்பி, போதும்!" என்று அறை அதிரக் கத்தினார்.

நகுல் மெல்ல அவர் தோளைத் தொட்டான். "அண்ணா, நான் இன்னும் ஆனே பண்ணல."

தாளில் 'தசை: சந்தேகத்துக்கிடமானது' என்று ஏறியது.

தண்ணீர் தூக்க வேறு ஆளைப் போட டெண்டர் விட வேண்டும். அதற்குக் குழு கூட வேண்டும். குழு கூடும் அறை நாலாவது மாடியில். உறுப்பினர்கள் கீழ்த்தளத்திலேயே கூட முடிவு செய்தார்கள். அப்படி முடிவு செய்வதற்கான கூட்டத்தை நாலாவது மாடியில்தான் நடத்த முடியும் என்று விதி. மூன்று நாள் மேலே தண்ணீர் இல்லை. அதிகாரிகள் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்து, குடிப்பதா, திண்டு நனைப்பதா என்று திண்டாடினார்கள். பூலோகம் கீழ்த்தளத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருடத்தில் அந்தக் கட்டடத்தில் அவர் உட்கார்ந்ததே அதுதான் முதல் தடவை. இடுப்பு வலித்தது.

நாலாவது நாள் டெல்லியிலிருந்து இயக்குநர் ஷ்யாமளா ஆய்வுக்கு வந்தார். நவி மும்பை நெருளில் வளர்ந்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், செருப்பை மாற்றி ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருந்தார். பூங்கொத்தோடு வாசலில் நின்ற வேங்கடசுப்ரமணியனிடம், "மேலே உங்க டெமோவைப் பார்க்கணும், வாங்கோ," என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார். நகுல் பின்னால் ஓடினான்.

வேங்கடசுப்ரமணியன் அசையவில்லை. இயக்குநரை அசத்துவதற்காக அன்று காலையில் அவர் நகுலிடம் சொல்லி அளவைக் கூட்டி இரண்டு தடவை நின்றிருந்தார். பிறகு எப்படியோ வாசல் வரை இறங்கி வந்துவிட்டார். இப்போது முதல் படிக்குக் காலைத் தூக்கப் பார்த்தார். கால் எழும்பவில்லை. கையால் முழங்காலைப் பிடித்துத் தூக்கி வைத்தார். கால் வந்தது, ஆள் வரவில்லை.

"பானுமதி," என்றார் பலவீனமாக. "என் தசை ரொம்ப முழிச்சுண்டுடுத்து."

பானுமதி ஸ்டூலில் இருந்த பூலோகத்தைப் பார்த்தார். வேங்கடசுப்ரமணியனும் பார்த்தார்.

"பூலோகம், என்னை மேலே கொண்டு விட்டுடேன்பா."

பூலோகம் எழுந்து நின்றார். மரியாதையாகத்தான் சொன்னார். "எடை தூக்கக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கு சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அது கேனுக்குப்பா."

"எந்த எடையும்னு எழுதிருக்கு சார். தூக்கிட்டு, பொறவு அதையே காரணமாச் சொல்லி வேலைய விட்டுத் தூக்கிட்டீங்கன்னா? எனக்கு ஒரு பேப்பர் குடுங்க. உங்களத் தூக்கலாம்னு."

மேலிருந்து, "மிஸ்டர் வேங்கடசுப்ரமணியன்?" என்ற குரல் மாடிப்படி வழியாக இறங்கி வந்தது.

பானுமதி கீழ்த்தளக் கணினியில் உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் தட்டினார். முப்பது வருட அனுபவம். 'துணைப் பொது மேலாளரும் அதற்கு மேற்பட்ட தரத்தில் உள்ளவர்களும் மேற்படி உத்தரவின் நோக்கத்துக்கு எடை எனக் கருதப்பட மாட்டார்கள்.'

பூலோகம் குனிந்தார். துணைப் பொது மேலாளர் அச்செடுத்த காகிதத்தோடு முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பூங்கொத்து பூலோகத்தின் மூக்கில் உரசியது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் பூலோகம் சட்டென்று நின்றார்.

"என்னப்பா? கனமா இருக்கேனா?"

"அதெல்லாம் இல்ல சார். பேப்பர்ல கையெழுத்து இல்லியே."

"மேலே போய்ப் போடறேன்."

"அப்படியா சார்? அப்போ இங்க இறக்கி வைக்கட்டுமா? நீங்க மெதுவா யோசிச்சு வாங்க."

வேங்கடசுப்ரமணியன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். காகிதத்தைப் பூலோகத்தின் தோளிலேயே வைத்து, பொடி எழுத்தில், தேதியோடு கையெழுத்துப் போட்டார். அவர் மேஜை அல்லாத இடத்தில் போட்ட முதல் கையெழுத்து அது. பூலோகம் காகிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மீதி மூன்று மாடியையும் தண்ணீர் கேன் ஏற்றும் வேகத்திலேயே ஏறினார்.

ஐந்தாவது மாடி வாசலில் ஷ்யாமளா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தன் அதிகாரி இன்னொருவர் முதுகில் வந்து சேருவதைப் பார்த்தார்.

"இது என்ன?"

இறங்க முடியாத வேங்கடசுப்ரமணியன் முதுகில் இருந்தபடியே நிமிர்ந்தார். "எடைப் பயிற்சி, மேடம். இவனோட தசை தூங்கிண்டிருந்தது. அதை எழுப்பறோம். இது எங்க மண்டலத்தோட புதுத் திட்டமாக்கும்."

"எடை எங்கே?"

"நான்தான் எடை, மேடம்."

பூலோகம் திடுக்கிட்டுப் போனார். ஒரு கையால் அதிகாரியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் பையிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினார். "மேடம், சார் எடை இல்ல. இப்பத்தான் எழுதிக் கொடுத்தாவ. சார் எடைன்னா நான் தூக்குனது தப்பாயிரும். எனக்கு வேலை போயிரும்."

ஷ்யாமளா காகிதத்தை வாங்கி இரண்டு முறை வாசித்தார். பிறகு முதல் உத்தரவையும், மதிப்பீட்டுத் தாளையும் கேட்டு வாங்கி வாசித்தார். நகுல் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஸ்டர் வேங்கடசுப்ரமணியன், ரெண்டுல ஒண்ணுதான் நிஜமா இருக்க முடியும்," என்றார் அவர் கடைசியில். "நீங்க எடைன்னா, இவர் உங்களை அஞ்சு மாடி தூக்கியிருக்கார். மூச்சுக்கூட வாங்கலை. அப்போ இவர் தசை தூங்கலை; உங்க ஆர்டர் தப்பு. நீங்க எடை இல்லைன்னா, இந்த மண்டலத்தை எடையே இல்லாத ஒருத்தர் நடத்திண்டிருக்கார்னு நான் ரிப்போர்ட்ல எழுதணும். நீங்களே சொல்லுங்கோ. எதை எழுதட்டும்?"

வேங்கடசுப்ரமணியன் முதுகிலிருந்து சற்றுச் சரிந்தார். பூலோகம் அவரை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டார்.

"எடைன்னே போட்டுக்கோங்கோ, மேடம்."

"எத்தனை கிலோ?"

"தொண்ணூற்று நாலு," என்றார் அவர், மெல்லிய குரலில்.

அன்றே உத்தரவு ரத்தானது. பூலோகத்தின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. பதினொரு மாதத்துக்கு இல்லை, மூன்று வருடத்துக்கு. கீழே இறங்க லிஃப்ட் எங்கே என்று ஷ்யாமளா கேட்டார். பத்தாவது நிமிடம் லிஃப்ட் ஓடியது. அதற்காக இரண்டு ஏசியை நிறுத்தினார்கள். நிறுத்தியது யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் டெல்லி அதோடு விடவில்லை. செம்பூரில் கண்டதை இயக்குநர் அறிக்கையாக எழுதினார்; அவர் கேலியாக எழுதியிருந்ததைத் தலைமை அலுவலகம் பரிந்துரையாக எடுத்துக்கொண்டது. எல்லா மண்டலங்களிலும் வாரம் ஒருமுறை துணைப் பொது மேலாளர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரி ஊழியர்களுக்கு எடையாகச் செயல்பட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. திட்டத்தை வடிவமைத்ததற்காக வேங்கடசுப்ரமணியனுக்குச் சால்வை போர்த்தினார்கள். "உட்கார்ந்த இடத்துலேருந்து நாட்டுக்கு உழைக்கலாம்னு சொன்னேன். பிறத்தியார் முதுகுல உட்கார்ந்தும் உழைக்கலாம்னு இப்போ நிரூபிச்சிருக்கேன்," என்று அவர் ஏற்புரை நிகழ்த்தினார். மறுபடியும் எழுந்து நின்று தட்டினார்கள்.

மற்ற மண்டல அதிகாரிகள் எடையாக இருக்கத் தகுதி உள்ளவர்களா என்று நேரில் தூக்கிப் பார்த்துச் சான்று அளிக்க, அனுபவம் உள்ள ஒருவர் தேவைப்பட்டார். பூலோகத்தை அனுப்பினார்கள். போக வர ரயில், இரண்டாம் வகுப்பு ஏசி. விஜயராணி அதற்கென்று புதுச் சட்டை ஒன்றுக்குத் தன் கையாலேயே பொத்தான் தைத்துக் கொடுத்தாள். நாக்பூர், போபால், ஹைதராபாத் முடித்துச் சென்னை வந்து சேர்ந்த அன்று மாலை, கெஸ்ட் ஹவுஸ் மெத்தையில் உட்கார்ந்து பூலோகம் அவளுக்குப் போன் செய்தார்.

"சாப்பிட்டீயளா? எத்தனை பேரத் தூக்குனிய இதுவரைக்கும்?"

"ஒம்பது பேரு. எல்லாம் பெரிய பெரிய ஆபீசருங்க."

"ஏ ஆத்தா! இடுப்பு என்னத்துக்கு ஆவும்?"

"இடுப்புக்கு என்ன? எனக்கு ஃபாரத்துல என்ன எழுதன்னுதான் தெரியல," என்றார் பூலோகம். குரலில் நிஜமான கவலை இருந்தது. "ஒருத்தர்கிட்டயும் கனமே இல்ல, கேட்டியா."